கயிறு கட்ட ஓர் இடம்

இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் ஆட்களைக் குடியேற்றுவதுதான் படக்காரியின் வேலை. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் உண்டு. கட்டடக்கலை அலுவலகத்தில் ஒருவர் வரைவார், இன்னொருவர் தூணும் உத்தரமும் தாங்குமா என்று பார்ப்பார். எல்லாம் முடிந்து கம்ப்யூட்டருக்குள் வெறும் கூடாக நிற்கிற கட்டடத்துக்கு வெயில் போட்டு, மேகம் போட்டு, வாசலில் மரம் நட்டு, நாலு பேரை நடக்கவிட்டு, 'அடடா, இங்கேயே குடிவந்துவிடலாம் போலிருக்கிறதே' என்று முதலாளிமாரை வாய்பிளக்க வைப்பவள் அவள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் படக்காரிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

படத்தில் நடக்கிற அந்த ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் கதை தனிக் கதை. எங்கேயோ யாரோ எடுத்த புகைப்படங்களிலிருந்து வெட்டியெடுத்த மனிதர்கள், ஒரு கோப்புறை நிறைய. காபிக் கோப்பையோடு விறுவிறுவென்று நடக்கும் ஒருத்தி. சிவப்பு பலூன் பிடித்த குழந்தை. ஒல்லி நாயோடு ஓடும் ஒருவன். பனி கொட்டுகிற ஊர்க் கட்டடம் என்றாலும் இவர்களேதான், மணல் பறக்கிற ஊர் என்றாலும் இவர்களேதான். காபிக்காரி இதுவரை எத்தனை கண்டத்தில் நடந்திருப்பாளோ, இன்னும் அந்தக் காபியைக் குடித்து முடிக்கவில்லை.

கட்டடங்களும் அப்படித்தான். ஒரே கண்ணாடி, ஒரே இரும்பு, ஒரே வழவழப்பு. விமானத்திலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தால் எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று டிக்கெட்டை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்கள் கோப்புறையில் கிழவர்கள் கிடையாது. தரையில் உட்காருபவர்கள் கிடையாது. துடைப்பமோ துணியோ பிடித்த கை ஒன்றுகூடக் கிடையாது. அத்தனை உயரக் கண்ணாடியை யார் துடைக்கிறார்கள் என்று படத்தைப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

அலுவலகத்தின் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் வட்டக்கண்ணாடி என்று பெயர். உருண்டையான மூக்குக்கண்ணாடி, கழுத்தில் வெயில் காலத்திலும் ஒரு துண்டு, பேச்செல்லாம் வெண்ணெய். அவரை 'அவர்' என்று சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் ஊரே அப்படித்தான் சொல்கிறது, நாமும் சொல்லித் தொலைப்போம். அவருக்கு ஒரு வினோதப் பழக்கம். தன் கட்டடத்தின் ஒவ்வொரு படத்திலும் ஓர் ஓரத்தில் தானும் நிற்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் கட்டடத்தைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு. ஓவியன் கையெழுத்துப் போடுவது மாதிரி என்பார். படத்தை அவரிடம் காட்டினால் முதலில் தன் உருவத்தைத் தேடுவார். தொப்பையைக் கொஞ்சம் செதுக்கச் சொல்வார். அப்புறம் வானத்தின் நிறத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான், "பிரமாதம்" என்று எழுந்துவிடுவார். படத்தில் வேறு யார் நடக்கிறார்கள், நிற்கிறார்கள் என்பது அவர் கண்ணிலேயே படாது. இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவர் பெயர் சொல்லும் கட்டடம் இந்த ஊரின் நடுவில் நிற்கிறது. அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்தார்கள், ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. அடியிலிருந்து நுனிவரை முறுக்கிக்கொண்டு போவதால் ஊர் ஜனம் அதற்குப் 'பிழிஞ்ச துணி' என்று பெயர் வைத்துவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர்கூட "பிழிஞ்ச துணி எல்லாம் இறங்கு" என்றுதான் கத்துவார். முதலில் கடல் தாண்டி ஒரு குளிர் ஊரில் கட்டினார்கள். பிறகு அதே வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே நட்டார்கள். மூன்றாவதாக இன்னோர் ஊருக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கட்டடத்தின் கண்ணாடியைத் துடைக்கும் வேலையில் இருந்தவன் படக்காரியின் தம்பி. வீட்டில் சின்னவன். கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைக்கிற வேலை. சின்ன வயதிலேயே மதில், மாடி, தண்ணீர்த் தொட்டி என்று ஏறி அம்மாவின் உயிரை வாங்கியவன், கடைசியில் அதையே பிழைப்பாக்கிக்கொண்டான். அக்காளும் தம்பியும் ஒரே கட்டடத்தை நம்பிச் சாப்பிடுகிறோம் என்று அவனுக்கு ஒரே பெருமை.

"அக்கா, உன் படத்துல என்னையும் ஒரு ஓரமா போடேன்" என்று ஒருநாள் மஞ்சள் வேலை உடுப்பில், கையில் துடைக்கும் துணியோடு, மாடிச் சுவரோரம் நின்று போஸ் கொடுத்தான்.

"துடைக்கிறவங்களையெல்லாம் அதுல சேர்க்க மாட்டாங்கடா."

"ஏன், நாங்க துடைக்கலேன்னா உங்க சார் மூஞ்சி அதுல தெரியுமா?"

அவள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். விளையாட்டுக்குப் பின்னணியை வெட்டி அவனையும் ஓர் ஆளாக்கிக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தாள்.

இன்னொரு நாள் சாப்பிடும்போது அவனே பேச்செடுத்தான். "உங்க ஆளுங்க கட்டின அழகப் பாத்தியாக்கா? மேல போனா பிடிச்சுக்க ஒரு ஆணி கூட இல்ல. மொட்ட மண்ட மாதிரி வழவழன்னு இருக்கு."

"அப்ப கயித்த எங்கடா கட்டுறீங்க?"

"கலர் லைட்டுக்கு ஓரமா ஒரு குழாய் ஓடுது. அதுலதான் மாட்டுறோம். காண்ட்ராக்டர்கிட்ட கேட்டா, 'ஒல்லியாத்தானடா இருக்கே, தாங்கும் போ'ங்கிறான்."

"வாயில இருக்கிறத முழுங்கிட்டுப் பேசுடா" என்றாள் அம்மா. அம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை.

மறுநாள் காலையில் படக்காரி நேராகப் போய் வட்டக்கண்ணாடியிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "கொக்கி வளையம்லாம் வெச்சா கூரை ஓரம் பல்லு பல்லா தெரியும்மா. அந்தக் கோடு இருக்கே, அதுதான் கட்டடத்தோட உயிரு. துடைக்கிறவங்க எப்படியாவது சமாளிச்சுப்பாங்க." அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவருக்குப் போன் வந்துவிட்டது.

அந்த வாரம் தாண்டவில்லை. விளக்குக் குழாய் திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. சின்னவன் கீழே, தொட்டிச் செடிகள் வைத்த முற்றத்தில் விழுந்தான். கட்டடம் எழும்புவதற்கு முன்பே அந்த முற்றத்தைப் படமாகப் போட்டவள் அவள்தான். பலூன் குழந்தையை அங்கேதான் நிற்க வைத்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் புதுக் குழாய் மாட்டியாகிவிட்டது. கூடத் தொங்கியவன் முதலில் உள்ளதைச் சொன்னான், பிறகு வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டான். விசாரித்தவர்கள், விழுந்தவன் கொக்கியையே மாட்டவில்லை என்று முடித்துவிட்டார்கள். கவனக்குறைவு. ஒரே வார்த்தையில் கதை முடிந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வட்டக்கண்ணாடி வீடு தேடி வந்தார். கையில் பூங்கொத்து, பின்னாலேயே ஒரு புகைப்படக்காரன். முன்னறையில் இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய மனுஷன் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாரே என்று, பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நிலையிலும் அம்மா எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை நிதானமாகக் குடித்தார்.

"தங்கமான பையன்மா. ஆனா அன்னிக்குக் கொக்கிய மாட்டாம விட்டுட்டான். ஒரு நிமிஷக் கவனக்குறைவு, என்ன பண்றது சொல்லுங்க."

"பொய்!" என்று கத்தினாள் படக்காரி. "மாட்ட இடம் வெச்சீங்களா சார்? நான் வந்து சொன்னேனா இல்லையா?"

அவர் எழுந்து வந்து அவள் தலையில் கையை வைத்தார். "அதிர்ச்சியில இருக்கா, பாவம்" என்றார் அம்மாவிடம். புகைப்படக்காரன் அதைப் படமெடுத்துக்கொண்டான். அந்தக் கையைத் தட்டிவிடாமல் அப்படியே விறைத்து நின்றதை நினைத்து நினைத்து அவள் வயிறு எத்தனை நாள் எரிந்தது தெரியுமா?

அவர் போனபிறகு அம்மாவிடம் மன்றாடிப் பார்த்தாள். அம்மா அசையவில்லை. "அவ்ளோ பெரிய மனுஷன் வீடு தேடி வந்து பொய் சொல்லிட்டுப் போகணும்னு அவருக்கு என்னடி தலையெழுத்து?" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுவதற்குப் பதில் திட்டினாள். சோறு போடும்போது திட்டினாள், துணி மடிக்கும்போது திட்டினாள், துக்கம் கேட்க வந்தவர்களிடமும் திட்டினாள். "நான் வளத்த வளர்ப்பு சரியில்லங்க. செருப்ப ஒழுங்கா விடத் தெரியாதவன், கொக்கிய மட்டும் ஒழுங்கா மாட்டிடுவானா?" அவன் போட்டோவை அலமாரி இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். செத்தவனை இன்னொரு தடவை சாகடிப்பது என்றால் இதுதான்.

படக்காரிக்கு நஷ்டஈடு வேண்டாம், ஜெயில் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அதே ஆள், அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே வாயால் அம்மாவிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். அம்மா வேறு யார் வாயையும் நம்பப்போவதில்லை. அதற்காகவே அவள் வேலையை விடவில்லை. 'தம்பி செத்த கட்டடத்தையே படம் போட்டுச் சம்பாதிக்கிறாளே, நெஞ்சழுத்தக்காரி' என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தாள்.

பிழிஞ்ச துணிக்கு உலகப் பரிசு ஒன்று கிடைக்கும்போல் இருந்தது. பல நாட்டு நடுவர்கள் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்கள். அவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு குறும்படம் தயாரிக்க வேண்டும். மூத்ததையும் இளையதையும் அருகருகே காட்டலாம் என்று வட்டக்கண்ணாடிக்கு ஓர் ஆசை. மூத்த கட்டடத்தைப் படம் பிடித்துவர, குளிர் ஊருக்குப் படக்காரியை அனுப்பினார்.

அங்கே இறங்கினால் அதே வாசல், அதே லிஃப்ட், லிஃப்டுக்குள் அதே வாசனைகூட. தன் ஊர்ப் பிழிஞ்ச துணிக்கே வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தாள். கூரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவைத் திறந்ததும் நின்றவள் நின்றபடியே நின்றுவிட்டாள்.

கூரை ஓரம் நெடுகிலும் இரும்பு வளையங்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன், பளிச்சென்று மஞ்சள் பூசி, கான்கிரீட்டுக்குள் ஆழ இறக்கியவை. குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். யானையைக் கட்டினாலும் அசையாது போலிருந்தது. கூட வந்த காவலாளி பதறிப்போய், "இது இங்கே சட்டம், இல்லாவிட்டால் கட்டடத்தைத் திறக்கவே விடமாட்டார்கள்" என்று விளக்கினான். அவள் அந்த வளையத்தைப் பிடித்தபடி உட்கார்ந்து, வெட்கத்தைவிட்டு அழுதாள். கண்ணாடி ஒன்று, இரும்பு ஒன்று, லிஃப்டின் வாசனை ஒன்று. அத்தனையையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தவன் இந்த வளையத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறானே, பாவி!

திரும்பி வந்து கேட்டாள். வட்டக்கண்ணாடிக்கு அவள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வதில் ஒரு தயக்கமும் இல்லை. "அங்க சட்டம்மா, வெச்சுத்தான் ஆகணும். இங்க யார் கேக்குறா?"

"சரி சார்" என்றாள் அவள். இங்கே யார் கேட்கிறார்கள் என்பதுதானே பிரச்சினை? கேட்க ஓர் ஆளை ஏற்பாடு செய்தால் போயிற்று.

அந்த ஆள் தானாகவே வந்துகொண்டிருந்தாள். நடுவர்களின் தலைவி, நரைத்த தலையும் கைத்தடியுமாக ஒரு பெரிய அம்மாள், அதே குளிர் ஊர்க்காரி. மூத்த பிழிஞ்ச துணிக்கு எதிர்வீடு. தினமும் காலையில் ஜன்னலோரம் டீ குடிக்கும்போது, எதிரே கயிற்றில் தொங்கித் துடைப்பவர்களுக்குக் கையாட்டுவேன் என்று ஏதோ ஒரு பேட்டியில் அவள் சொல்லியிருந்ததைப் படக்காரி தேடிப் படித்திருந்தாள்.

படம் தயாரானது. வட்டக்கண்ணாடியிடம் போட்டுக் காட்டினாள். அவர் தன் உருவத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். "தொப்பையக் கொஞ்சம்..." என்றார். செதுக்கினாள். வானம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருக்கலாம் என்றார். நீலமாக்கினாள். "பிரமாதம்" என்று பாதிப் படத்திலேயே எழுந்துவிட்டார். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பொங்கி வந்த சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

நடுவர்கள் வந்த அன்று பிழிஞ்ச துணியின் உச்சி மாடி அரங்கில் எல்லோரும் கூடினார்கள். பேசுவதை நடுவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆளும் இருந்தான். கட்டட முதலாளி புதுக் கோட்டில் பளபளத்தார். விளக்கு அணைந்தது. திரையில் காபிக்காரி நடந்தாள், பலூன் குழந்தை சிரித்தது, நாய்க்காரன் ஓடினான். பார்வை மெல்லக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறியது. ஏற ஏற, உயரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. கிட்டே போகப் போக அது ஒரு மனிதன். மஞ்சள் உடுப்பு, கையில் துணி, வாய் நிறையச் சிரிப்பு.

படக்காரி திரையையே பார்த்தாள். 'பாருடா, உன்னைப் போட்டுட்டேன்' என்று மனதுக்குள் சொன்னாள்.

அவன் இடுப்பிலிருந்து புறப்பட்ட கயிறு மேலே போயிற்று. பார்வையும் அதைப் பிடித்துக்கொண்டு போயிற்று. கூரை விளிம்பைத் தாண்டி, வழவழவென்ற மொட்டைத் தளத்தில் கயிறு நீள நெடுகக் கிடந்து, அதன் நுனி எதிலும் கட்டப்படாமல் சும்மா கிடந்தது. அங்கேயே படம் நின்றது. அவள் ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. அலுவலக வரைபடத்தில் கூரை எப்படி இருந்ததோ அப்படியேதான் காட்டியிருந்தாள்.

விளக்குப் போட்டார்கள். வட்டக்கண்ணாடியின் முகத்தில் ஈயாடவில்லை. நரைத்தலை அம்மாள் கைத்தடியை ஊன்றி முன்னால் சாய்ந்து, சாவகாசமாகக் கேட்டாள், அந்தக் கயிறு எதில் கட்டியிருக்கிறது என்று.

இங்கேதான் அவர் கெட்டார். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட ஏதாவது மிச்சமிருக்கும். அவர் சிரித்தார். படம் போடுகிற பெண்ணின் கைத்தவறு, நிஜக் கட்டடத்தில் உங்கள் ஊரில் இருப்பதுபோலவே எல்லாம் இருக்கிறது என்று அடித்துவிட்டார்.

அப்படியானால் பார்த்துவிடலாமே என்று அம்மாள் எழுந்துகொண்டாள்.

"வாங்க மேடம், மேல போக லிஃப்ட் தயாரா இருக்கு" என்றாள் படக்காரி. தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டாள்.

கூரையில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. முழங்கால் உயரச் சுவர், அதை ஒட்டி வண்ண விளக்குகளின் ஒல்லிக் குழாய். வேறொன்றும் இல்லை. படக்காரி பையைத் திறந்து இடுப்பு வாரை வெளியே எடுத்தாள். சின்னவனுடையது. விசாரணை முடிந்து திருப்பிக் கொடுத்தது. கயிறும் கொக்கியும் அதிலேயே இருந்தன.

வட்டக்கண்ணாடி அவள் காதோரம் குனிந்தார். "என்னம்மா இது? எதுவா இருந்தாலும் நாம பேசித் தீத்துக்கலாம்."

"பேசலாம் சார், நிறையப் பேசலாம்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "முதல்ல நடுவருங்க கேக்குறாங்க, மாட்டிக் காட்டுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வேறு வழியில்லை. படங்களில் அவள் செதுக்கிச் செதுக்கி மறைத்த தொப்பையைச் சுற்றி அவளே வாரைக் கட்டி இறுக்கினாள். கொக்கியைக் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கூரையைச் சுற்றி வந்தார். இந்த மூலைக்குப் போனார், அந்த மூலைக்குப் போனார். தொலைந்த சாவியைத் தேடுபவர்போலக் குனிந்து குனிந்து பார்த்தார். இல்லாத வளையத்தை, தன் கையாலேயே அழித்த வளையத்தை, அது எங்கேயாவது முளைத்திருக்காதா என்று தேடினார். முதலாளியின் புதுக் கோட்டு வியர்வையில் நனைந்துவிட்டது. கடைசியில் வட்டக்கண்ணாடி சுவரோரம் நின்று, விளக்குக் குழாயில் கொக்கியை மாட்டினார். 'டிக்' என்று மூடிக்கொண்டது.

"இதோ" என்றார்.

"அதுலயா சார்?"

"ஆமா. இதுலதான்."

"என் தம்பியும் அதுலதான் மாட்டினான்." அவள் ஓரடி கிட்டே வந்தாள். "சரி, இப்ப சாயுங்க சார்."

அவர் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கீழே, வெகு கீழே, தொட்டிச் செடி முற்றம்.

"சாயுங்க சார். அவன் சாய்ஞ்சான்ல?"

அவள் அவருக்கு வெகு அருகில் நின்றாள். ஒரே ஒரு விரல் போதும். தள்ள வேண்டும் என்று அவளுக்கு வெறியாக வந்தது, விரல் நுனிவரை வந்துவிட்டது, அதை மறைத்து என்ன பயன்? ஆனால் செத்த வாய் அம்மாவிடம் வந்து பேசாது. அவளுக்கு அந்த வாய் வேண்டும். விரலை மடக்கிக்கொண்டாள்.

அவர் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உதடு ஏதோ அசைந்தது.

"கேக்கல சார்."

"தாங்காதும்மா!" என்று அலறினார். "இது வெறும் லைட்டுக் குழாய். ஆளத் தாங்காது!"

கொக்கியைக் கழற்றக்கூட அவர் சுவரை விடவில்லை. அவள்தான் கழற்றிவிட்டாள். நரைத்தலை அம்மாள் மெதுவாகக் கிட்டே வந்து, படத்தில் சிரித்த அந்த மஞ்சள் உடுப்புக்காரன் யார் என்று கேட்டாள். என் தம்பி, இங்கிருந்துதான் விழுந்தான் என்றாள் படக்காரி. பிறகு வட்டக்கண்ணாடியிடம் திரும்பினாள்.

"இப்ப சொன்னீங்களே, அத என் அம்மாகிட்ட வந்து சொல்லணும். இப்பவே. வண்டி கீழ நிக்குது."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ரொம்ப அக்கறையாக வானத்தைப் பார்த்தபடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். நரைத்தலை அம்மாள் கைத்தடியால் தரையைத் தட்டினாள். அவர் போய்ச் சொல்லிவிட்டு வரும்வரை நடுவர்கள் எல்லோரும் கீழே வாசலில் காத்திருப்பார்கள் என்றாள். முதல் தடவை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக வந்தவர், இந்தத் தடவையும் நாலு பேர் பார்க்கிறார்களே என்பதற்காகத்தான் வந்தார். புகைப்படக்காரன் மட்டும் இல்லை.

படக்காரியின் சின்னக் காரில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

அம்மா முன்னறையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அரக்கப்பரக்க எழுந்தாள். "வாங்கய்யா, வாங்க. உக்காருங்க. இருங்க, தண்ணி..."

"தண்ணி இருக்கட்டும்மா" என்றாள் மகள். "முதல்ல அவர் சொல்லட்டும்."

அவர் அதே பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அது வந்தும்மா, அன்னிக்கு ஏற்பாட்டுல சில குறைகள் இருந்ததா இப்ப..."

"சார்" என்றாள் படக்காரி. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உங்க பையன் கொக்கிய மாட்டித்தாம்மா இருந்தான். நாங்கதான்... நான்தான் அத மாட்ட சரியான இடம் வைக்கல. அந்த ஊர் வரைபடத்துல வளையம் இருந்துச்சு. இங்க நான் எடுத்துட்டேன்."

"எதுக்குய்யா எடுத்தீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். "பாக்க நல்லா இருக்காதுன்னு."

"பாக்க நல்லா இருக்காதுன்னு" என்று அம்மா திருப்பிச் சொன்னாள். கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். சின்னவன் சட்டைதான் அது. யாரும் போடாத சட்டையை இன்னும் துவைத்துத் துவைத்து மடித்துக்கொண்டிருக்கிறாள், திட்டிக்கொண்டே. அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு வந்தப்ப உனக்குத் தண்ணி குடுத்தேனே."

"ஆமாம்மா."

"அதத் திருப்பிக் குடு."

அவருக்குப் புரியவில்லை. படக்காரியைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அவளை என்ன பாக்குற? உள்ள போ. குடத்துல தண்ணி இருக்கு. மேல தட்டுல நீ குடிச்ச டம்ளர் இருக்கு. மோந்துக்கிட்டு வா."

அவர் எழுந்து போனார். சமையலறை நிலைப்படி தலையில் இடித்தது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, பாதித் தண்ணீர் சட்டையில் சிந்த, வந்து நீட்டினார். அம்மா வாங்கினாள். ஜன்னலுக்குப் போய்க் கடைசிச் சொட்டுவரை வெளியே கொட்டினாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"இனி உனக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எந்திரிச்சுப் போ."

அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார். துண்டு நாற்காலியிலேயே கிடந்தது. படக்காரி அதைக் கால் கட்டைவிரலால் இடுக்கி, வாசலுக்கு வெளியே எறிந்தாள். திருப்பிக் கொண்டுபோய் விடுவதாக அவள் சொல்லியிருந்தாளா என்ன? நடந்தே போகட்டும்.

உள்ளே வந்தபோது அம்மா இழுப்பறையைத் திறந்திருந்தாள். கவிழ்ந்து கிடந்த போட்டோவை நிமிர்த்தி, அந்தச் சட்டையாலேயே துடைத்தாள்.

"மாட்டியிருந்தானாடி?"

"மாட்டியிருந்தாம்மா."

"சின்னவனே..." என்று அம்மா ஆரம்பித்தாள். "ஐயோ, என் ராசா, உன்னை எவ்ளோ திட்டிட்டேன்டா!" இத்தனை நாளும் அடைத்து வைத்திருந்த அழுகை, தெருவே கேட்கும்படி உடைத்துக்கொண்டு வந்தது. படக்காரி அவளைத் தேற்றவில்லை. இந்த அழுகைக்காகத்தானே அந்த ஆளின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு நாள் வேலைக்குப் போனாள்! அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை மட்டும் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர் வீட்டிலிருந்தும் ஓடிவந்தார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களிடம் அம்மா போட்டோவைத் தூக்கிக் காட்டினாள்.

"என் புள்ள மாட்டியிருந்தான்ங்க. கொக்கிய ஒழுங்காத்தான் மாட்டியிருந்தான்."